அனிமே: இவ்வளவு நன்றாகத் தொடங்குபவர்கள் முடிக்கும்போது ஏன் தடுமாறுகிறார்கள்?

#1 | நிலாமுற்றம் | சனி, இரவு 10:12

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த இழையில் பல தொடர்களின் முடிவை மறைக்காமல் பேசப்போகிறேன். இன்னும் பார்க்காத தொடரின் பெயர் வந்தால் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

என் தங்கை இதுவரை அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) பக்கமே வந்ததில்லை. போன வாரம் 'ப்ராமிஸ்டு நெவர்லேண்ட்' முதல் சீசனைப் போட்டுக் காட்டினேன். 12 எபிசோடையும் இரண்டே இரவில் முடித்துவிட்டாள். ஓர் அநாதை இல்லம். பிள்ளைகள் 'அம்மா' என்று கூப்பிடும் இசபெல்லா. தத்துப் போகிற குட்டிப்பெண் கோனி தன் முயல் பொம்மையை மறந்து வைத்துவிட்டுப் போகிறாள். அதைக் கொடுக்க எம்மாவும் நார்மனும் வெளிவாசல் வரை ஓடுகிறார்கள். அங்கே நிற்கும் வண்டிக்குள் கிடப்பது கோனியின் உடல். அந்த இல்லமே பிள்ளைகளை உணவுக்காக வளர்க்கும் பண்ணை. இவ்வளவும் முதல் எபிசோடில் வந்துவிடுகிறது. மீதி 11 எபிசோடையும் ஒரே ஒரு பயம் ஓட்டுகிறது: நமக்குத் தெரிந்துவிட்டது என்பது அம்மாவுக்குத் தெரியக்கூடாது. பெரிய சண்டை எதுவும் கிடையாது. இசபெல்லாவின் புன்னகை ஒரு நொடி கூடுதலாக நின்றாலே வயிற்றைக் கலக்குகிறது.

அப்புறம் இரண்டாவது சீசனைப் போட்டேன். மூலமான மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, மொத்தம் 20 புத்தகம். முதல் சீசன் எடுத்துக்கொண்டது முதல் ஐந்து புத்தகத்துக்குள் அடங்கும் கதை. மீதி முழுவதையும் 2021-ல் 11 எபிசோடில் அடைத்தார்கள். மங்கா வாசகர்கள் கொண்டாடிய கோல்டி பாண்ட் பகுதியை அப்படியே விட்டுவிட்டார்கள். கடைசி எபிசோடில் பெரிய திருப்பங்கள் எல்லாம் அசையாப் படங்களாக வரிசையாக ஓடி மறைந்தன. தங்கை திரும்பிப் பார்த்து, "இவ்ளோ நல்லா ஆரம்பிச்சவங்களுக்கு முடிக்கத் தெரியாதாண்ணா?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. 15 வருடமாகப் பார்க்கிறேன், இந்தக் கேள்வி என்னையும் தொந்தரவு செய்துகொண்டேதான் இருக்கிறது. 'டெத் நோட்' 37 எபிசோட். 25-ல் எல் என்ற துப்பறிவாளன் செத்த பிறகு அந்தத் தொடருக்கு மூச்சு பாதியாகிவிடுகிறது. 'இவாஞ்சலியன்' கடைசி இரண்டு எபிசோடைப் பற்றி 1996-லிருந்து சண்டை ஓயவில்லை. 'நானா' அனிமே 2007-ல் நின்றது, மங்கா 2009-லிருந்து நின்றபடியே இருக்கிறது.

என் எண்ணம் இது. அனிமேயின் பலமும் பலவீனமும் ஒரே வேரில் முளைக்கின்றன. கதை எங்கே போய் முடியும் என்று தெரியும் முன்பே சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். அதனால்தான் தொடக்கத்தில் அத்தனை துணிச்சல், கடைசியில் அத்தனை தடுமாற்றம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? ஏதாவது ஒரு தொடரை எடுத்து வைத்துப் பேசுங்கள், பொதுவாகச் சொல்லிப் பயனில்லை.

#2 | வடகரை வாசு | சனி, இரவு 10:47

நண்பரே, முடிவை வைத்து மட்டும் கதையை எடை போடுவது எனக்கு ஒப்பவில்லை. 'ஒன் பீஸ்' 1999-லிருந்து ஓடுகிறது, 1000-வது எபிசோட் 2021-ல் வந்தது. இன்னும் முடியவில்லை. ஆனால் நீளம் என்பது எதற்கு என்று எனக்குக் காட்டியது அந்தத் தொடர்தான்.

லாபூன் என்ற திமிங்கலம் நினைவிருக்கிறதா? 60-வது எபிசோடைத் தாண்டியதும் வரும் கதை. திரும்பி வருவோம் என்று சொல்லிப் போன கடல் கொள்ளையர்களுக்காக 50 வருடம் காத்திருந்து, மலைச்சுவரில் தலையை முட்டிக்கொண்டிருக்கும் திமிங்கலம். நாயகன் லூஃபி அதன் நெற்றியில் தன் கொடியை வரைந்துவிட்டுப் போகிறான். நல்ல சின்னக் கதை, முடிந்தது என்று நாமும் நகர்ந்துவிடுகிறோம். 270 எபிசோடுக்கும் மேல் தள்ளி, ப்ரூக் என்ற எலும்புக்கூட்டு இசைக்காரன் வருகிறான். லாபூன் காத்திருந்த அந்தக் கப்பலில் கடைசியாக மிஞ்சியவன் அவன். நண்பர்கள் ஒவ்வொருவராகச் செத்து விழுந்தபடியே லாபூனுக்காக ஒரு பாட்டைப் பாடிப் பதிவு செய்கிறார்கள். கடைசியில் ஒரே ஒரு குரல் மிஞ்சுகிறது.

அந்தக் காட்சியில் நான் அழுததற்குக் காரணம் அந்தக் காட்சி மட்டும் இல்லை. நடுவில் எனக்கும் சில வருடங்கள் போயிருந்தன. நான் அந்தத் திமிங்கலத்தை மறந்திருந்தேன். இரண்டு மணி நேரப் படத்தால் இதைச் செய்ய முடியாது. பார்ப்பவனுக்கு உண்மையிலேயே வயதாக வேண்டும்.

#3 | தேன்சிட்டு | சனி, இரவு 11:20

நான் இதில் புதியவன், தவறாகச் சொன்னால் திருத்துங்கள். 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' தமிழ் டப்பில் தியேட்டரில் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் தொடரை முதலிலிருந்து பார்த்தேன்.

கூட வந்த நண்பனுக்குப் பயங்கர எரிச்சல். சண்டை உச்சத்தில் இருக்கும்போது நிறுத்திவிட்டு, வில்லனின் சின்ன வயசுக் கதையை அவ்வளவு நேரம் சொன்னால் எப்படி என்று கேட்டான். எனக்கோ அந்த இடம்தான் படமே. அகாஸா என்ற அரக்கன் முன்பு ஹகுஜி என்ற பையன். நோயாளி அப்பாவுக்கு மருந்து வாங்கத் திருடுகிறான். பிறகு ஒரு தற்காப்புக் கலை ஆசிரியர் அவனைச் சேர்த்துக்கொள்கிறார். அவருடைய மகள் கொயுகி சீக்காளி, அவளைப் பார்த்துக்கொள்கிறான். வாணவேடிக்கையின் கீழே கல்யாணப் பேச்சு நடக்கிறது. அப்புறம் கிணற்றில் விஷம், எல்லாரும் போய்விடுகிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. அவன் அரக்கனாகிப் பழசையெல்லாம் மறந்துவிடுகிறான். ஆனால் அவனுடைய தாக்குதல்களுக்கெல்லாம் வாணவேடிக்கையின் பெயர்கள். சண்டை போடும்போது காலடியில் விரியும் வடிவம் கொயுகியின் கொண்டை ஊசியில் இருந்த பனிப்பூ. அவனுக்கே தெரியாமல் அவன் உடம்பு அவளை நினைவில் வைத்திருக்கிறது. 'முகென் ட்ரெய்ன்' படத்தில் ரெங்கோகுவைக் கொன்றபோதும் அந்தப் பனிப்பூ இருந்தது. அன்றைக்கு அது வெறும் டிசைன்.

இப்படி முன்கூட்டியே விதைத்து வைத்த கதை தற்செயலாக வந்திருக்காதே? அப்படியானால் முடிவு தெரியாமல் தொடங்குகிறார்கள் என்பது எல்லாருக்கும் பொருந்துமா?

#4 | கல்தூண் | ஞாயிறு, காலை 7:05

தேன்சிட்டு தம்பி சொன்ன பனிப்பூ அருமையான கவனிப்பு. அதையே வைத்து என் குறையைச் சொல்கிறேன். பனிப்பூவை வைத்துச் சொல்லத் தெரிந்தவர்கள், அதே படத்தில் நாயகன் தஞ்சிரோவின் மனசுக்குள் ஏன் இத்தனை பேச வைக்கிறார்கள்? வாள் எங்கே வருகிறது, ஏன் வலிக்கிறது, அடுத்து என்ன செய்யப்போகிறேன், எல்லாவற்றையும் அவன் நமக்கு விளக்குகிறான். நம் கண் முன்னால் நடப்பதை நம்மிடமே சொல்கிறான்.

பெரும்பாலான அனிமேக்களின் மிகப் பெரிய குறை இதுதான் என்பேன். பார்ப்பவனை நம்புவதில்லை. முடிவு சொதப்பினால் கடைசி இரண்டு எபிசோட்தான் போகும். இந்த விளக்கம் சொல்லும் பழக்கம் ஒவ்வொரு எபிசோடையும் அரிக்கிறது.

#5 | மீன்கொடி | ஞாயிறு, காலை 9:31

நான் எட்டு வருடம் ஒரு ஸ்டுடியோவில் இன்பிட்வீன் படம் போட்டவள். அதாவது இரண்டு முக்கிய அசைவுகளுக்கு நடுவில் வரும் படங்கள். அந்த அனுபவத்திலிருந்து பேசுகிறேன், கொஞ்சம் நீளமாகும்.

கல்தூண் அண்ணா கேட்டதற்கு முதலில் வருகிறேன். மங்கா அசையாப் படம். ஒரு குத்து விழும் கட்டத்தில் நேரம் என்பதே கிடையாது, அதனால் எத்தனை வரி யோசனையை வேண்டுமானாலும் அதில் எழுதலாம், வாசகருக்கு உறுத்தாது. அதே வரிகளை அசையும் படத்தில் பேச வைத்தால் குத்து காற்றிலேயே நிற்க வேண்டியிருக்கும். மூலத்தை மாற்றிவிட்டார்கள் என்று ரசிகர்கள் கோபிப்பார்களோ என்ற பயத்தில் வரிக்கு வரி அப்படியே வைத்துவிடுகிறார்கள். 'நெவர்லேண்ட்' முதல் சீசன் அவ்வளவு இறுக்கமாக இருந்ததற்குக் காரணமே அங்கே அந்தத் துணிச்சல் இருந்ததுதான். மங்காவில் பிள்ளைகள் மனசுக்குள் நிறையப் பேசுவார்கள். அனிமேயில் அதைப் பெருமளவு எடுத்துவிட்டு, நடைக்கூடத்தின் நீளத்தையும் கதவிடுக்கையும் கேமராவால் காட்டினார்கள்.

இப்போது நிலாமுற்றத்தின் 'ஒரே வேர்' பேச்சு. அந்த வேர் இன்னும் பழையது. 1963 ஜனவரி 1 அன்று ஒசாமு தெசூகாவின் 'அஸ்ட்ரோ பாய்' டிவியில் தொடங்கியது. வாரம் ஒன்று, அரை மணி நேரம். எபிசோடை எடுக்க ஆகும் செலவைவிடக் குறைந்த விலைக்கு டிவிக்குக் கொடுத்தார் தெசூகா. முழு அனிமேஷனில் ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம், 12 படமாவது போடுவார்கள். இவர்கள் 8 படம், சில இடத்தில் அதுவும் இல்லை. வாய் மட்டும் அசையும். ஒருமுறை வரைந்த பறக்கும் காட்சியைச் சேமித்து வைத்து மறுபடி மறுபடி போடுவார்கள். அசைவு கட்டுப்படியாகாது என்று ஆன பிறகு அவர்களிடம் மிஞ்சியது கதையும் முகமும் எடிட்டிங்கும்தான். அதனால்தான் அந்த நாட்டுக் கார்ட்டூன் அப்போதே சாவையும் தனிமையையும் பேசத் தொடங்கியது என்று நான் நம்புகிறேன்.

அந்த வறுமையைக் கலையாக மாற்றியவர்களில் எனக்கு முதல் ஆள் ஒசாமு தெசாகி. 'அஷிதா நோ ஜோ' என்ற குத்துச்சண்டைத் தொடரில் சண்டையோ அழுகையோ உச்சத்துக்குப் போகும்போது படம் அப்படியே நின்று, கோடுகள் தெரியும் ஓவியமாக மாறும். உங்கள் மனசு அந்தக் கணத்தை எப்படி நினைவு வைக்குமோ அப்படி. 'இவாஞ்சலியன்' 22-வது எபிசோடில் அசுகாவும் ரெய்யும் லிஃப்டில் நிற்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஒரு நிமிடம் எதுவும் அசைவதில்லை. 24-வதில் நாயகன் ஷிஞ்சி தன் ராட்சத இயந்திரத்தின் கையில் நண்பன் கவோருவைப் பிடித்தபடி நிற்கும் இடமும் அப்படித்தான், பின்னணியில் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி மட்டும். இரண்டிலும் செலவும் மிச்சம்தான். ஆனால் அந்த அசையாமையில் நமக்கு வரும் பதற்றத்தை ஆயிரம் படம் வரைந்தாலும் கொண்டுவர முடியாது.

முடிவு கெடுவதற்குக் காரணமும் இதே இடத்தில்தான் இருக்கிறது. ஒரு தொடருக்குப் பதிப்பகம், டிவி, இசை நிறுவனம், பொம்மை நிறுவனம் எல்லாம் சேர்ந்து பணம் போடுகிறார்கள். தயாரிப்புக் குழு என்பார்கள். வரையும் ஸ்டுடியோவுக்குப் பல நேரம் உரிமையில் பங்கே இருக்காது, கூலி மட்டும்தான். பதிப்பகத்துக்கு அனிமே என்பது மங்காவை விற்கும் விளம்பரம். 12 எபிசோட் ஓடி, புத்தகம் விற்றுவிட்டால் அவர்கள் கணக்கு முடிந்தது. கதை முடிய வேண்டிய அவசியம் அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை.

#6 | நிலாமுற்றம் | ஞாயிறு, காலை 10:02

மீன்கொடி அக்கா, இதை எதிர்பார்த்து நான் இழையைத் தொடங்கவில்லை. நன்றி. அந்த லிஃப்ட் காட்சியை நான் வேகமாக ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு மறுபடி உட்கார்ந்து பார்க்கிறேன்.

#7 | அல்லி | ஞாயிறு, காலை 11:48

நான் சொல்ல வருவதை இந்த மாதிரி இழைகளில் கடைசியில் ஒரு வரியில் சொல்லித் தாண்டிவிடுவார்கள். நான் நடுவிலேயே சொல்லிவிடுகிறேன். கதை சொல்லும் முறையில் குறை என்றால் எனக்கு முதலில் வருவது பெண்கள்.

'டெத் நோட்' எடுத்துக்கொள்ளுங்கள். நவோமி மிசோரா, முன்னாள் எஃப்பிஐ அதிகாரி. கொலைகாரன் கீராவால் மாரடைப்பு தவிர வேறு விதமாகவும் கொல்ல முடியும் என்று யாருடைய உதவியும் இல்லாமல் கண்டுபிடிக்கிறாள். எல்லுக்கு முன்பே உண்மையின் பக்கத்தில் வந்துவிடுகிறாள். 7-வது எபிசோடில் அவளைக் கொன்றுவிடுகிறார்கள். கொன்றது பிரச்சினை இல்லை, அந்தக் காட்சி கொடூரமான அளவுக்கு நன்றாக எழுதப்பட்டது. அவளுக்குப் பிறகு அந்தக் கதையில் மூளையோடு விளையாட ஒரு பெண்ணுக்கும் இடமில்லை. மிசா, அந்தக் கீராவான லைட்டின் வீட்டுக் கதவைத் தானாகக் கண்டுபிடித்து வந்து தட்டியவள். அது எவ்வளவு பெரிய காரியம்! ஆனால் கதை அவளைக் காதலில் கிறங்கிய பெண்ணாக மட்டும் நடத்துகிறது. எல் போன பிறகு தொடருக்கு மூச்சு பாதியாகிவிடுகிறது என்று நிலாமுற்றம் சொன்னார். நவோமியை உயிரோடு விட்டிருந்தால் அந்த மூச்சு எங்கிருந்து வந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

'நருடோ'வில் சகுராவும் அப்படித்தான். மூவர் அணியில் ஒருத்தி. இரண்டு பையன்களுக்கும் குலம், சாபம், கனவு எல்லாம் கொடுத்துவிட்டு அவளுக்கு மட்டும் அந்தப் பையன்களில் ஒருவனான சாஸ்கேயின் மேல் காதலைக் கொடுத்தார்கள். பல தொடர்களில் நல்ல பதற்றமான காட்சிக்கு நடுவே கேமரா ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் உடம்பில் போய் நிற்கும். அந்த நொடியில் நான் கதையிலிருந்து வெளியே வந்து விழுகிறேன். இதை ரசனை வேறுபாடு என்று சொல்லிச் சமாளிக்காதீர்கள். கதைக்குள் வைத்திருக்க வேண்டிய பார்வையாளரை வெளியே தள்ளுவது கதை சொல்வதில் இருக்கும் குறைதான்.

அதே நாட்டில்தான் இயக்குநர் சதோஷி கோனும் இருந்தார். 'மில்லேனியம் ஆக்ட்ரஸ்' 2001. ஒரு முதிய நடிகை தன் வாழ்க்கையைச் சொல்கிறாள். பேட்டி எடுக்க வந்தவரும் கேமராக்காரரும் அவள் நினைவுக்குள்ளேயே ஓடுகிறார்கள். ஒரு கதவைத் திறந்தால் போர்க்காலம், அடுத்த அடியில் சாமுராய் காலம், ஓடும் கால் மட்டும் ஒன்றே. அவள் நடித்த படம் எது, வாழ்ந்தது எது என்று பிரிக்க முடியாது. பிரிக்கவும் தோன்றாது. உயிரோடு நடிப்பவரை வைத்து எடுத்தால் இந்த வெட்டு இப்படி விழாது. அனிமேஷனால் மட்டுமே முடிந்த கதை சொல்லல் எது என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இதைத்தான்.

#8 | வடகரை வாசு | ஞாயிறு, மதியம் 1:15

அல்லி, சகுரா விஷயத்தில் மறுக்க ஒன்றுமில்லை. 'நருடோ' என் பள்ளி நாட்களின் தொடர், இருந்தும் சொல்கிறேன்.

நீளத்தின் நல்லதைச் சொன்னேன், கெட்டதையும் நானே சொல்லிவிடுகிறேன். 'நருடோ' முதல் தொடர் 220 எபிசோட். 135 வரை மூலக்கதை, அதற்குப் பிறகு கடைசி வரை பெரும்பாலும் ஃபில்லர், அதாவது மங்காவில் இல்லாத நிரப்புக் கதை. மங்கா முன்னே போகட்டும் என்று ஒன்றரை வருடத்துக்கு மேல் சும்மா சுற்றினார்கள். 'டிராகன் பால் ஸீ'யில் இன்னும் ஐந்து நிமிடத்தில் கிரகம் வெடிக்கும் என்று ஃப்ரீஸா சொல்வான். அந்த ஐந்து நிமிடம் எத்தனை எபிசோட் ஓடியது என்று அந்தத் தலைமுறைக்கே தெரியும். 2009-ல் அவர்களே அதை வெட்டிச் சுருக்கி 'காய்' என்று மறுபடி வெளியிட்டார்கள். 'ஒன் பீஸ்' ட்ரெஸ்ரோசா பகுதி நூறு எபிசோடைத் தாண்டியது. ஓர் எபிசோடில் ஒரு மங்கா அத்தியாயம்கூட முழுசாக வராது. ஓடுவதையும் முறைப்பதையும் வைத்து நிரப்பினார்கள். அங்கே நான் ஒரு வருடம் தொடரை நிறுத்தி வைத்திருந்தேன்.

மங்கா பக்கமும் ஒரு நெருக்கடி உண்டு. 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் வாசகர்கள் அஞ்சலட்டையில் பிடித்த கதையைக் குறித்து அனுப்புவார்கள். ஓட்டு விழாத கதை சில மாதத்தில் நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு வாரமும் கடைசிப் பக்கத்தில் ஒரு கொக்கி வேண்டும். நம்முடைய வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளில் 'தொடரும்' என்ற சொல்லுக்கு முந்தைய வரியை எழுத்தாளர்கள் எப்படிச் செதுக்குவார்கள் என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன், அதே கலைதான். அந்தக் கொக்கிதான் நம்மை விடாமல் இழுக்கிறது. எதிரிக்கு மேல் பெரிய எதிரி, பலத்துக்கு மேல் பெரிய பலம் என்று கதையை வீங்க வைப்பதும் அதேதான்.

#9 | கல்தூண் | ஞாயிறு, மதியம் 2:40

இத்தனை நெருக்கடியிலும் நன்றாக முடித்த வாரத் தொடர் இருக்கிறதே, மீன்கொடி சொன்ன 'அஷிதா நோ ஜோ'. உலக சாம்பியன் மெண்டோஸாவோடு 15 சுற்றும் தாக்குப் பிடித்து, புள்ளியில் தோற்று, மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். எரிந்து முடிந்த சாம்பல் மாதிரி வெள்ளையாக. முகத்தில் சிரிப்பு. உயிர் இருக்கிறதா இல்லையா என்று யாரும் சொல்வதில்லை. எல்லாவற்றையும் விளக்குகிறார்கள் என்று நான் குறைப்பட்ட அதே மரபில், அந்த ஒரு படத்துக்கு ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. மங்கா முடிந்தது 1973-ல். இன்னும் அந்தப் படத்தைப் பேசுகிறோம்.

விளக்கம் பற்றி இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். 'ஹண்டர் ஹண்டர்' 2011 தொடரில் அரண்மனைக்குள் நுழையும் பகுதியில் கதைசொல்லியின் குரல் விடாமல் பேசும். சில நிமிடச் சம்பவம் பல எபிசோட். எனக்கு அங்கே பொறுமை போனது. ஆனால் 135-வது எபிசோடில், விஷம் ஏறிச் சாகப்போகும் அரக்க எறும்புகளின் அரசன் மெருயெமும் கண் தெரியாத கொமுகியும் பலகை விளையாட்டு ஆடுகிறார்கள். அவனுக்கும் கண் மங்கிக்கொண்டே வருகிறது. கொமுகி, இருக்கிறாயா என்று கேட்கிறான். இருக்கிறேன் என்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்கிறான். அந்த இடத்தில் கதைசொல்லிக்கு வேலையே இல்லை. அத்தனை எபிசோடாகக் கேட்ட சத்தம் நின்றுபோனதுதான் அந்தக் காட்சியின் கனம். வேண்டுமென்றே அப்படி வைத்தார்களா என்று இப்போது யோசிக்கிறேன்.

#10 | தேன்சிட்டு | ஞாயிறு, மாலை 5:22

என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. மூலக்கதை முடியாததுதான் காரணம் என்றால், மங்கா இல்லாமல் நேரடியாக எழுதிய அனிமேக்கள் எல்லாம் நன்றாக முடிய வேண்டுமே?

#11 | மீன்கொடி | ஞாயிறு, இரவு 8:50

நல்ல கேள்வி தம்பி. சில நன்றாகவே முடிகின்றன. 'மடோகா மேஜிகா' 2011, மொத்தம் 12 எபிசோட், நேரடி எழுத்து. 10-வது எபிசோடில் ஹோமுரா என்ற பெண் எத்தனை முறை காலத்தைத் திருப்பி வந்திருக்கிறாள் என்று தெரியும்போது, முதல் எபிசோடில் அவள் பார்த்த ஒவ்வொரு பார்வைக்கும் அர்த்தம் மாறிவிடும். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கியவர்களால் மட்டும் முடிகிற வேலை. ஆனால் 'இவாஞ்சலியன்' நேரடி எழுத்துதான், அங்கே கடைசியில் நேரமும் ஆட்களும் தீர்ந்துபோனார்கள். பழைய காட்சிகள், பென்சில் கோடுகள், எழுத்துகள் என்று வந்தது. 1997-ல் தியேட்டரில் வேறு முடிவு கொடுத்தார்கள். எனக்கு டிவி முடிவும் பிடிக்கும். அந்தக் கிழிந்த வடிவத்தில்தான் ஷிஞ்சியின் மனசு எனக்குப் புரிந்தது.

நிலாமுற்றத்தின் கேள்விக்கு ஒரு சோதனையே இருக்கிறது. 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்'. ஒரே மங்கா, ஒரே ஸ்டுடியோ போன்ஸ், இரண்டு அனிமே.

மங்கா 2001-ல் தொடங்கியது. முதல் அனிமே 2003-ல் வந்தபோது மூலக்கதை பாதிகூட வரவில்லை. மங்காவை எழுதிய ஹிரோமு அரகாவாவின் சம்மதத்தோடு தங்களுக்கென்று ஒரு முடிவை எழுதினார்கள். 51 எபிசோட். இரண்டாவது, 'பிரதர்ஹுட்', 2009-ல் தொடங்கி 64 எபிசோட். மங்காவும் அதுவும் 2010-ல் ஒரு மாத இடைவெளியில் முடிந்தன.

முதலாவதில் நேரம் தொடக்கத்தில் இருந்தது. டக்கர் என்ற ஆல்கெமிஸ்ட் (ரசவாதி) வீட்டில் நாயகர்களான சகோதரர்கள் எட்வர்டும் அல்ஃபோன்ஸும் தங்கித் தேர்வுக்குப் படிக்கிறார்கள். அவருடைய சின்னப் பெண் நீனாவோடும் அலெக்சாண்டர் என்ற பெரிய நாயோடும் விளையாடுகிறார்கள். 7-வது எபிசோடில் அந்த அப்பா தன் மகளையும் நாயையும் சேர்த்து ஒரே பிராணியாக ஆக்கிவிடுகிறார். அது எட்வர்டைப் பார்த்து 'அண்ணா' என்று கூப்பிடும். 'பிரதர்ஹுட்'டில் நீனா 4-வது எபிசோடில் வருகிறாள், அதே எபிசோடில் போய்விடுகிறாள். ஏற்கெனவே பார்த்தவர்கள்தானே என்று வேகமாகக் கடந்துவிட்டார்கள்.

முதலாவதின் இன்னொரு சொந்த யோசனை எனக்கு இன்றும் சிலிர்ப்பு. செத்தவரை உயிர்ப்பிக்க முயன்று தோற்றால் பிறப்பதுதான் ஹோமங்குலஸ் என்ற செயற்கை மனிதன். அதனால் சகோதரர்கள் செய்த பாவம், அவர்களுடைய அம்மாவின் முகத்தோடே எதிரியாக வந்து நிற்கிறது. மங்காவில் இது கிடையாது. இவ்வளவு வலுவான யோசனை இருந்தும், கடைசியில் வேறு உலகம் என்று ஒரு கதவைத் திறந்து எட்வர்டை அங்கே தள்ளி, முடிச்சுகளை அவிழ்க்காமலே விட்டுவிட்டார்கள்.

'பிரதர்ஹுட்' முடிவோ, முதல் எபிசோடிலிருந்து சொல்லிவந்த ஒரே விதியில் போய் நிற்கிறது. ஒன்றைப் பெற அதற்குச் சமமான ஒன்றைக் கொடுக்க வேண்டும். தம்பியின் உடலை மீட்க எட்வர்ட் கொடுப்பது தன் ஆல்கெமியையே. அவனை அவனாக்கிய அந்தத் திறமையை. புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. எல்லாம் முன்பே நம் கையில் கொடுத்து வைத்ததுதான்.

நேரம் எங்கே கிடைத்ததோ அங்கே கதை நன்றாக இருக்கிறது. இரண்டு அனிமேயிலும் அதேதான்.

#12 | அல்லி | ஞாயிறு, இரவு 9:14

அந்தக் கதையில் வின்ரி, ஹாக்ஐ, இஸுமி, ஒலிவியே என்று எத்தனை பெண்கள்! ஒருத்தியும் இன்னொருத்தி மாதிரி இல்லை. எல்லாருக்கும் வேலை இருக்கிறது, அந்த வேலையில் திறமை இருக்கிறது. சண்டைக் கதைகளில் பெண்ணை எழுத முடியாது என்று சொல்பவர்களுக்கு நான் இனி வேறு பதில் தேடப்போவதில்லை.

#13 | வடகரை வாசு | ஞாயிறு, இரவு 9:40

முடிவு பற்றிப் பேசும்போது 'ஃப்ரீரென்' நினைவுக்கு வருகிறது. முதல் சீசன் 2023-ல் தொடங்கியது, 28 எபிசோட். பத்து வருடப் பயணம் முடிந்து, அரக்க மன்னனைக் கொன்று, வீரர்கள் ஊர் திரும்பும் இடத்தில் கதை தொடங்குகிறது. மற்றவர்கள் கடைசி எபிசோடில் வைப்பதை இவர்கள் முதல் எபிசோடில் முடித்துவிட்டார்கள். ஆயிரம் வருடத்துக்கு மேல் வாழும் எல்ஃப் ஃப்ரீரெனுக்குப் பத்து வருடம் ஒன்றுமே இல்லை. 50 வருடம் கழித்து வந்து பார்த்தால் அந்த வீரர்களின் தலைவன் ஹிம்மெல் தலை வழுக்கையான கிழவர். கொஞ்ச நாளில் செத்துப்போகிறார். அடக்கத்தின்போதுதான் அவளுக்கு அழுகை வருகிறது, இந்த மனிதரைத் தெரிந்துகொள்ள நான் ஏன் முயலவில்லை என்று. அதற்குப் பிறகு வரும் எல்லாமே அந்த அழுகையின் தொடர்ச்சி.

இயக்குநர் தகாஹதாவின் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' 1988-லேயே இதைச் செய்தது. தான் செத்த இரவு இது என்று செய்தாவே நமக்குச் சொல்கிறான், முதல் நிமிடத்தில். கோபே நகர ரயில் நிலையம் ஒன்றின் தூணில் சாய்ந்தபடி சாகிறான். அவனிடமிருந்த மிட்டாய் டப்பாவைத் துப்புரவுக்காரர் எடுத்து இருட்டில் வீசுகிறார். அதிலிருந்து விழும் எலும்புத் துண்டுகள் யாருடையவை என்று நமக்கு அப்போது தெரியாது. முடிவு தெரிந்த பிறகும் நாம் ஒவ்வொரு காட்சியிலும் செய்தாவின் தங்கை பிழைத்துவிட வேண்டும் என்று நினைக்கிறோம்.

#14 | நிலாமுற்றம் | ஞாயிறு, இரவு 10:05

நான் சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். முடிவு தெரியாமல் தொடங்குவதுதான் வேர் என்றேன். அது பாதிதான். முடிவு தெரிந்திருந்தும் 'நெவர்லேண்ட்' கெட்டது, இரண்டாவது சீசன் வருவதற்கு முன்பே மங்கா முடிந்துவிட்டதே. 15 புத்தகக் கதைக்கு 11 எபிசோட் என்று யாரோ முடிவு செய்ததுதான் அங்கே நடந்தது. மீன்கொடி அக்கா சொன்ன நேரக் கணக்குதான் சரி.

தங்கைக்கு 'ஃபுல்மெட்டல்' போடலாம் என்று இருக்கிறேன். எதை முதலில்?

#15 | மீன்கொடி | ஞாயிறு, இரவு 10:11

2003. அவசரப்படாமல். பிறகு 'பிரதர்ஹுட்'. ஆனால் 7-வது எபிசோடைத் தூங்கப் போகும் நேரத்தில் போடாதீர்கள்.

#16 | நிலாமுற்றம் | செவ்வாய், இரவு 9:58

பகலில் நேரம் கிடைக்கவில்லை அக்கா, இப்போதுதான் பார்த்து முடித்தோம். தங்கை எதுவும் பேசவில்லை. அடுத்தது நாளைக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். வாசல் படியில் எங்கள் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.